ஏ.எஸ்.எம்.ஆர்.: பெயரின் வரலாறும் தவறான நம்பிக்கைகளும் – ஓசூர், கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தை முன்வைத்து

மெல்லிய ஓசை, கிசுகிசுப்பான பேச்சு, நிதானமான கையசைவு, யாரோ ஒருவர் நம்மீது காட்டும் நெருக்கமான கவனம் ஆகியவற்றால் சிலருக்கு உச்சந்தலையில் ஒரு குறுகுறுப்பு தோன்றும். அது பிடரி வழியாக இறங்கி முதுகில் பரவும். உடல் தளரும், மனம் அமைதியாகும். இந்த இதமான உணர்வைக் குறிக்கும் சொல்லே ஏ.எஸ்.எம்.ஆர். இவ்வுணர்வைத் தூண்டுவதற்காக எடுக்கப்படும் ஒலிப்பதிவுகளையும் காணொளிகளையும் மக்கள் அதே பெயரால் அழைக்கின்றனர்.

ஆட்டானமஸ் சென்சரி மெரிடியன் ரெஸ்பான்ஸ் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் இவை. ‘தன்னியல்பாக எழும் புலனுணர்வு உச்சத் துலங்கல்’ என்று தமிழில் விரித்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இது மருத்துவக் கல்லூரிப் பாடநூலிலிருந்து எடுத்த கலைச்சொல் போல இருக்கிறது. ஆனால் இதை உருவாக்கியவர் மருத்துவரும் அல்லர், ஆய்வாளரும் அல்லர். இந்த உணர்வைச் சுற்றிப் பரவியுள்ள தவறான நம்பிக்கைகள் பலவற்றுக்கு வேர் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் வெறும் பொழுதுபோக்கு விவாதமாக நின்றுவிடாத இடங்கள் உண்டு. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி தொழில் வட்டாரம் அவற்றுள் ஒன்று. மூன்று ஷிப்ட் முறையில் ஆலைகள் ஓடும் ஊரில் உறக்கம் எளிதில் கிடைப்பதில்லை. காலையில் வேலை முடித்து வந்து, வெளிச்சத்திலும் தெரு இரைச்சலிலும் உறங்க முயல்பவருக்கு, ‘இதைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தூக்கம்’ என்ற தலைப்பு பெரிய வாக்குறுதி. அந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை என்பதை அறிய, பெயர் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் வருவதற்கு முன்

உணர்வு பழையது, பெயர்தான் புதியது. வகுப்பில் ஆசிரியர் மேசை அருகே நின்று, அவர் சிவப்பு மையால் நோட்டைத் திருத்தும் கீறல் ஓசையைக் கேட்டபோது சொக்கிப்போன பிள்ளைகள் உண்டு. தலையில் பேன் பார்க்கும் பாட்டியின் விரல்கள், மருதாணி வைப்பவரின் கவனம், வளையல்காரர் கையைப் பிடித்து அளவு பார்த்து ஒவ்வொரு வளையலாக ஏற்றும் நிதானம் ஆகியவையும் இதே மயக்கத்தைத் தரக்கூடியவை. ‘சொக்குது’, ‘கிறக்கமா இருக்கு’ என்ற பேச்சு வழக்குகள் இந்த நிலைக்கு மிக நெருங்கி வருகின்றன. புல்லரிப்பு, மெய்சிலிர்ப்பு, மயிர்க்கூச்சம் ஆகிய சொற்கள் அவ்வளவு பொருந்தவில்லை. ஒரு பாடலின் உச்சத்திலோ வியப்பிலோ அச்சத்திலோ தோன்றி, மயிர்க்கால்கள் சிலிர்த்து, நொடிகளில் மறையும் விழிப்பான உணர்வை அவை குறிக்கின்றன. ஏ.எஸ்.எம்.ஆர். மெதுவாக வரும், சற்று நேரம் தங்கும், ஆளைத் தளர்த்தும். எல்லைப் பகுதியில் தமிழோடு புழங்கும் மொழிகளிலும் இதே நிலைதான். கன்னடத்தின் ‘ரோமாஞ்சன’, தெலுங்கின் ‘ககுர்பாட்டு’ இரண்டும் புல்லரிப்பையே சொல்கின்றன.

மேல்நாட்டில் முன்னோடிச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது வர்ஜீனியா வுல்ஃப் 1925இல் வெளியிட்ட ‘மிசஸ் டாலோவே’ நாவல். போரால் மனம் சிதைந்த ஒரு பாத்திரத்தின் காதருகே ஒரு தாதி எழுத்துக்கூட்டிப் பேசும்போது, அவள் குரல் அவன் முதுகுத்தண்டில் இனிதாக உரசிச் செல்வதாக அதில் ஒரு காட்சி வருகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1983 முதல் 1994 வரை ஓவியம் வரையக் கற்றுக்கொடுத்த பாப் ராஸ் மற்றொரு எடுத்துக்காட்டு. தூரிகையின் உரசலும் அவருடைய தாழ்ந்த குரலும் பலரை உறங்க வைத்தன. அவர் 1995இல் காலமானார். இன்று தம் பெயர் எந்தப் பட்டியலில் முதலில் வருகிறது என்பதை அவர் அறிய வாய்ப்பே இல்லை.

இத்தகைய எடுத்துக்காட்டுகளைக் கொஞ்சம் கவனத்துடன் கையாள வேண்டும். ஒரு பெயர் கிடைத்த பிறகு பழையதில் எல்லாம் அதைக் கண்டெடுப்பது மனித இயல்பு. வுல்ஃப் எழுதியது இதே உணர்வைத்தானா என்று இன்று உறுதி செய்ய வழியில்லை. ‘நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தனர்’ என்று தாலாட்டையும் மந்திர உச்சாடனத்தையும் இதனுள் அடக்குவதும் இதே வகைப் பிழைதான். தாலாட்டு குழந்தையை உறங்க வைக்கிறது என்பதற்கு ஏ.எஸ்.எம்.ஆர். சான்று தேவையில்லை.

பெயர் பிறந்த கதை

2007 அக்டோபரில் ‘ஸ்டெடி ஹெல்த்’ என்னும் ஆங்கில உடல்நல இணையதளத்தில், 21 வயதான ஒருவர் புனைபெயரில் ஒரு கேள்வி எழுதினார். காரணம் தெரியாத ஒரு விசித்திர உணர்வு தமக்குச் சிறுவயது முதல் உண்டு, அது நன்றாக இருக்கிறது, வேறு யாருக்கேனும் இப்படி உண்டா என்பதே கேள்வியின் சாரம். தமக்கு மட்டும்தான் இப்படி என்று அதுவரை எண்ணியிருந்த பலர் மறுமொழி எழுதினர். சிலர் இதை நோயோ என்று அஞ்சியிருந்தனர். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாதவர்களும் இருந்தனர்.

2009 மார்ச்சில் யூடியூபில் ‘விஸ்பரிங் லைஃப்’ என்ற பெயரில், வெறுமனே கிசுகிசுத்துப் பேசுவதற்கென்றே ஒரு சேனல் தொடங்கப்பட்டது. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காணொளி முதலில் வந்தது, பெயர் அடுத்து வந்தது, ஆய்வு கடைசியாக வந்தது. அறிவியலில் நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் வரிசைக்கு இது நேர் தலைகீழ்.

பெயரை வைத்தவர் ஜெனிபர் ஆலன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கணினிப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றியவர். 2010 பிப்ரவரியில் இவ்வுணர்வு உள்ளவர்களுக்காக முகநூலில் ஒரு குழுவைத் தொடங்கியபோது அதற்கு இந்தப் பெயரை இட்டார். அதுவரை இணையத்தில் உலவிய பட்டப்பெயர்களில் சில பாலுணர்வை நினைவூட்டுவனவாக இருந்தன. அப்படிப்பட்ட பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் வெளிப்படையாகப் பேச முன்வரமாட்டார்கள் என்பது ஆலனின் கணிப்பு. ஆகவே கூச்சமின்றிச் சொல்லக்கூடிய, மருத்துவச் சாயல் கொண்ட ஒரு தொடரை வேண்டுமென்றே தேர்ந்தார். உச்சநிலை என்ற பொருளுக்கு ‘மெரிடியன்’ என்ற சொல்லை எடுத்ததும் அதற்காகவே.

அவருடைய நோக்கம் நிறைவேறியது. மக்கள் பேசத் தொடங்கினர். ஆனால் கூச்சத்தைப் போக்கத் தைத்த சட்டை, பார்ப்பவர்களுக்கு மருத்துவரின் வெள்ளைக் கோட்டாகத் தெரிந்தது. ‘மெரிடியன்’ என்பதைச் சீன மருத்துவத்தின் ஆற்றல் நாடிகளோடு இணைத்து விளக்குவோரும், இது விஞ்ஞானிகள் கண்டுபிடித்த நரம்புச் சிகிச்சை என்று எழுதுவோரும் பின்னர் தோன்றினர். இரண்டும் தவறு. பெயர் எந்த ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை என்பதை மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் சொன்னதும் சொல்லாததும்

தொடக்கத்தில் நரம்பியலாளர்களிடம் ஊகம் மட்டுமே இருந்தது. யேல் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஸ்டீவன் நொவெல்லா 2012இல் இதைப் பற்றி எழுதினார். ஒரே மாதிரியான அனுபவத்தை இத்தனை பேர் தனித்தனியே விவரிப்பதால் இது உண்மையாக இருக்கலாம் என்றார். மூளையில் எழும் மிகச் சிறிய, இன்பமான வலிப்பு போன்ற நிகழ்வோ, இன்ப உணர்வைத் தூண்டும் வேறொரு வழியோ இதன் காரணமாக இருக்கக்கூடும் என்று இரண்டு வாய்ப்புகளை முன்வைத்தார். மூளையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. வாய்ப்பாகச் சொன்ன ஒன்றை முடிவாக எடுத்துக்கொண்டு ‘ஏ.எஸ்.எம்.ஆர். ஒரு வகைக் காக்காய் வலிப்பு’ என்று அஞ்சுவதற்கு ஆதாரம் இல்லை.

முதல் முறையான ஆய்வுக் கட்டுரை 2015இல் ‘பியர்ஜே’ இதழில் வந்தது. எழுதியவர்கள் பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மா பாரட், நிக் டேவிஸ். 475 பேரிடம் கேள்விகள் கேட்டனர். கிசுகிசுப்பு தம்மிடம் இவ்வுணர்வைத் தூண்டுவதாக 75 விழுக்காட்டினர் கூறினர். தனிப்பட்ட கவனத்தை 69 விழுக்காட்டினரும், மொறுமொறு, சரசர போன்ற தெளிவான ஓசைகளை 64 விழுக்காட்டினரும், மெதுவான அசைவுகளை 53 விழுக்காட்டினரும் குறிப்பிட்டனர். காணொளிகளை நாடும் காரணம் இளைப்பாறுதல் என்றோர் 98 விழுக்காடு, உறக்கம் என்றோர் 82 விழுக்காடு. பாலுணர்வுத் தூண்டலுக்கு என்றோர் 5 விழுக்காடு மட்டுமே.

இந்த எண்கள்தான் இணையத்தில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுகின்றன, மிகுதியாகத் தவறாகவும் படிக்கப்படுகின்றன. ‘98 விழுக்காடு மக்களுக்கு இது இளைப்பாறுதல் தருகிறது’ என்று எழுதுவது பிழை. கேள்வி கேட்கப்பட்ட அனைவரும் ஏற்கெனவே இவ்வுணர்வு உள்ளவர்கள், அதற்கான இணையக் குழுக்களிலிருந்து தாமாக முன்வந்தவர்கள். கிரிக்கெட் மைதானத்தின் வாசலில் நின்று ‘உங்களுக்குக் கிரிக்கெட் பிடிக்குமா’ என்று கேட்டது போன்றது இது. அந்த ஆய்வாளர்களின் நோக்கம் உணர்வை விவரிப்பது, அதன் பரவலை அளப்பதன்று. பொதுமக்களில் எத்தனை பேருக்கு இது உண்டு என்பதை அந்த எண்களிலிருந்து கணக்கிட முடியாது.

எல்லாருக்கும் இது இல்லை என்பதில் மட்டும் ஐயமில்லை. 2018இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் கியூலியா போரியோவும் உடனாய்வாளர்களும் நடத்திய சோதனை இதைத் தெளிவாக்கியது. இவ்வுணர்வு உள்ளோர், இல்லாதோர் ஆகிய இரு சாராருக்கும் ஒரே காணொளிகள் காட்டப்பட்டு, இதயத் துடிப்பும் தோலின் மின்கடத்தலும் அளக்கப்பட்டன. உணர்வு உள்ளவர்களின் இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 3.14 குறைந்தது (பை என்ற மாறிலியோடு இது ஒத்திருப்பது தற்செயலே, கணக்கு மாணவர்கள் தேட வேண்டாம்). மற்றவர்களிடம் அவ்வளவு குறையவில்லை. ஆகவே அனுபவம் வெறும் கற்பனை அன்று, உடலில் அளக்கக்கூடியது. ஆனால் அதே சோதனையில் தோலின் மின்கடத்தல் உயர்ந்தது. இது கிளர்ச்சியின் அடையாளம். அதாவது இவ்வுணர்வில் அமைதியும் விழிப்பும் கலந்திருக்கின்றன. ‘முழுக்க முழுக்க ஓய்வு’ என்ற எளிய விளக்கத்துக்கு இது அடங்கவில்லை. இந்த ஆய்வின் மிகச் சுவையான பகுதி இதுவே, ஆனால் செய்திகளில் பெரும்பாலும் இடம்பெற்றது இதயத் துடிப்புக் குறைந்த பாதி மட்டும்.

கனடாவின் வின்னிபெக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஸ்மித் குழுவினர் மூளைப் படங்களை ஆராய்ந்து, மூளைப் பகுதிகளின் இணைப்பில் சில வேறுபாடுகளைக் கண்டனர். ஒவ்வொரு சாராரிலும் 11 பேர் மட்டுமே சோதிக்கப்பட்டனர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து ‘மூளையின் ஏ.எஸ்.எம்.ஆர். மையம்’ என்றெல்லாம் படம் வரைந்து காட்டுவது அவசரம்.

பலர் அறியாத மறுபக்கமும் உண்டு. மெல்லும் ஓசை, மூக்கை உறிஞ்சும் ஓசை போன்ற சிறு ஒலிகளால் தாங்க முடியாத எரிச்சலடையும் நிலைக்கு மிசோபோனியா என்று பெயர். ஏ.எஸ்.எம்.ஆர். உணர்வு உள்ளவர்களிடம் இந்த எரிச்சலும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதாக மெக்எர்லீன், பானிசி ஆகியோர் 2018இல் பதிவு செய்தனர். ஒரே செவி ஓர் ஓசைக்குச் சொக்குகிறது, மற்றொன்றுக்குக் கொதிக்கிறது. நான்கைந்து பேர் ஓர் அறையில் தங்கும் விடுதிகளில் இதை நினைவில் கொள்வது நல்லது. ஒருவருக்குத் தாலாட்டாக இருக்கும் முறுக்குக் கடிக்கும் காணொளி பக்கத்துக் கட்டிலுக்குச் சித்திரவதை.

ஆபாசம் என்ற ஐயம்

கிசுகிசுப்பும் நெருக்கமான முகமும் பார்ப்பவருக்கு ஐயம் தருவது இயல்பே. 2018 ஜூனில் சீன அரசின் ஆபாச ஒழிப்பு அலுவலகம், இணையதளங்களிலிருந்து இவ்வகைக் காணொளிகளைத் துப்புரவு செய்யுமாறு ஆணையிட்டது. இந்தப் பெயரின் மறைவில் ஆபாசப் படைப்புகளும் உலவுகின்றன என்பது உண்மை. அதே பெயரில் துண்டு மடிப்பதும், சோப்பைச் சீவுவதும், பழைய நாணயங்களைக் காட்டி விளக்குவதும் உலவுகின்றன. பெயரை வைத்து முடிவு செய்ய இயலாது. வீட்டில் பிள்ளை இவற்றைக் கேட்பதைக் கண்ட பெற்றோர், என்ன கேட்கிறாய் என்று உட்கார்ந்து தாமும் ஒரு காணொளியைக் கேட்பது கைப்பேசியைப் பிடுங்குவதைவிடப் பயன் தரும். அவர்களுக்கு எதுவும் தோன்றாமல் போகலாம், கொட்டாவி வேண்டுமானால் வரலாம்.

மற்றொரு குழப்பம் ‘பைனாரல்’ என்ற சொல்லால் வந்தது. இக்காணொளிகளில் பல, இரண்டு ஒலிவாங்கிகளைக் காதுகளின் இடைவெளியில் வைத்துப் பதிவு செய்யப்படுகின்றன. அதனால் ஓசை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்வது போலக் கேட்கும். இது ஒலிப்பதிவு முறை. இரு காதுகளுக்கும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களைத் தந்தால் மூளையில் தோன்றும் ‘பைனாரல் துடிப்பு’ வேறு செய்தி. அது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் வில்ஹெல்ம் டோவ் கண்டறிந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, கூடவே ‘432 ஹெர்ட்ஸ்’ என்றும் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

புஷ்கரும் உள்ளூர்ச் சலூனும்

இவ்வுலகில் இந்தியாவுக்கு ஒரு புகழ் உண்டு, அது தானாக வந்தது. இராஜஸ்தானின் புஷ்கரில் சிறு கடை வைத்திருந்த பாபா சேன் என்னும் முடிதிருத்துநரின் தலை மசாஜைச் சுற்றுலாப் பயணிகள் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினர். ‘உலகின் தலைசிறந்த தலை மசாஜ்’ என்ற தலைப்புடன் அது பரவியது. விரல்களைச் சொடுக்கி, வாயால் ஓசை எழுப்பி, வாடிக்கையாளரின் தலையிலிருந்து எதையோ எடுத்து எறிவது போல் அவர் செய்யும் கையசைவுகளை உலகெங்கும் பலர் உறங்குவதற்கு முன் பார்க்கின்றனர். அவர் செய்தது தம் தொழிலை மட்டுமே.

தமிழ்நாட்டுச் சலூன்களிலும் முடி வெட்டியபின் தலையைத் தட்டிப் பிடித்துவிடும் வழக்கம் உண்டு. கத்தரிக்கோலின் ‘கிச் கிச்’ ஓசைக்கே கண் செருகுபவர்கள் உண்டு. ஆனால் இத்தகைய காணொளிகள் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதையும் இதமான காட்சியாகவே காட்டுகின்றன. கழுத்து எலும்புகளின் ஊடே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. திடீர்த் திருப்பலால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை சென்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இதமாகத் தோன்றும் எல்லாமே தீங்கற்றவை என்ற நம்பிக்கை இங்கே மிக ஆபத்தானது. தலையைத் தடவலாம். கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று நாற்காலியில் அமரும்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஓசூர் வட்டாரம்: ஷிப்ட், இரைச்சல், உறக்கம்

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஓசூரின் முகம் மாறியது. 1980இல் அசோக் லேலண்டின் ஆலை இங்கு இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகார ஆலையும் இங்குதான் அமைந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிற்காலத்தில் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் ஆலையும், கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் வந்தன. இவ்விரண்டிலும் பெரும்பாலும் பெண்களே வேலைக்கு எடுக்கப்பட்டனர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து தங்கியுள்ளனர்.

பெண்களின் இரவுப் பணிக்கு ஒரு சட்ட வரலாறும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலைகளில் வேலை வாங்கத் தடை விதித்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, பாதுகாப்பு நிபந்தனைகளை வகுத்தது. சமத்துவத்தின் பக்கம் நின்ற தீர்ப்பு அது. அதன்பின், ஆண்களைப் போலவே பெண்களின் உறக்கமும் பகலுக்கு நகர்ந்தது.

அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொரு நுட்பமான பிரிவும் இருந்தது. நள்ளிரவைத் தாண்டி நீளும் ஷிப்டில் வேலை செய்பவருக்கு, அந்த ஷிப்ட் முடியும் நேரத்திலிருந்து தொடங்கும் 24 மணி நேரமே ‘அடுத்த நாள்’ என்று அது கணக்கிட்டது. சட்டத்தின் நாட்காட்டி தொழிலாளிக்காக வளைந்து கொடுத்தது. உடலின் கடிகாரம் அப்படி வளைவதில்லை. ஒளியைக் கொண்டு இரவு பகலை அறியும் உயிர்க்கடிகாரம் ஒவ்வொரு உயிரணுவிலும் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகவே ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். இரவு வேலை முடித்து, காலை வெயில் முகத்தில் அடிக்கக் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, ‘விழித்துக்கொள்’ என்ற கட்டளை மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் பகல் உறக்கம் பொதுவாகக் குறுகியது, ஆழம் குறைந்தது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால், உடல் ஒரு நேரத்துக்குப் பழகத் தொடங்கும்போதே அடுத்த நேரம் வந்துவிடும். இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள காரணிகளின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது, 2019இல் மறு ஆய்வுக்குப் பிறகும் அதை நீக்கவில்லை. உறுதியான சான்று என்ற மேல்நிலையில் அது வைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காணொளியால் ஆகக்கூடியதும் ஆகாததும் இங்கே பிரிகின்றன. படபடப்பாக இருக்கும் ஒருவரை அது தளர்த்தலாம், அவருக்கு அந்த உணர்வு இருந்தால். தங்கும் விடுதியில் தனிமையை உணரும் ஒருவருக்கு, தம்மிடம் மட்டும் பேசுவது போன்ற ஒரு குரல் ஆறுதலாக இருக்கலாம். மொழி புரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஒடியா பேசுபவர் கொரிய மொழிக் கிசுகிசுப்பைக் கேட்டு உறங்க முடியும். ஆனால் இழந்த உறக்க நேரத்தை எந்த ஓசையும் ஈடு செய்யாது. இளைப்பாறுதல் வேறு, உறக்கம் வேறு. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர், நான்கு மணி நேரம் உறங்கிவிட்டு ஒரு மணி நேரம் காணொளி கேட்டால், அவர் உறங்கியது நான்கு மணி நேரம்தான். அரைத் தூக்கத்தில் எந்திரத்தின் முன் நிற்பதும், தேசிய நெடுஞ்சாலை 44இல் இருசக்கர வாகனம் ஓட்டுவதும் என்ன விளைவைத் தரும் என்பதை அவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காதையும் கவனிக்க வேண்டும். ஏ.எஸ்.எம்.ஆர். ஓசை இயல்பில் மெல்லியது. பஸ் இரைச்சலிலோ தெருச் சந்தடியிலோ அது கேட்க வேண்டுமானால் ஒலியளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. இடையில் வரும் விளம்பரமோ கூட்டிய அளவிலேயே அலறுகிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் பாதுகாப்பான எல்லை. அளவு கூடக் கூட நேரம் வேகமாகச் சுருங்கும். ஆலை இரைச்சலால் ஏற்படும் காது கேளாமையைத் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஷிப்ட் முழுவதும் இரைச்சலில் இருந்த காதுக்கு, உறங்கும் நேரத்திலும் இயர்போன் வழியே வேலை கொடுப்பது சுமைமேல் சுமை. ஆலையில் தரும் காதடைப்பானை ஒழுங்காக அணிவது, எந்தக் காணொளியையும்விடக் காதுக்குச் செய்யும் பெரிய உதவி.

பகலில் உறங்குவோருக்கு மருத்துவர்கள் சொல்லும் வழிகள் சுவையற்றவை, அதனால்தான் அவை யூடியூபில் ஓடுவதில்லை. சன்னலை அடர்த்தியான துணியால் மறைத்து அறையை இருட்டாக்குதல், திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணிதல், ஷிப்டின் பின்பாதியில் டீ, காபியைத் தவிர்த்தல், வீட்டில் உள்ளவர்கள் அந்த நேரத்தில் அழைப்பு மணியையும் தொலைக்காட்சியையும் அடக்கி வைத்தல் ஆகியவை அவை. கேட்டே ஆக வேண்டுமானால் திரையை அணைத்து, குறைந்த ஒலியில், தானாக நிற்கும் நேரம் குறித்துக் கேட்கலாம்.

வாரக்கணக்கில் உறக்கம் வராமை நீடித்தால் அது காணொளியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நீண்டகாலத் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக, எண்ணங்களையும் உறக்கப் பழக்கங்களையும் மாற்றியமைக்கும் உளவியல் முறையை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. உரத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் காரணமே வேறாக இருக்கும். மனச்சோர்வுக்கு ஏ.எஸ்.எம்.ஆர். மருந்து என்று நம்பி, எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தியவருக்கு அந்த நம்பிக்கையால் கேடுதான் விளையும். பாரட்டும் டேவிஸும் கண்டது தற்காலிக மனநிலை மாற்றத்தை மட்டுமே, நோய் தீர்ந்ததை அன்று.

இந்த வட்டாரத்தினருக்கு உதவி தொலைவில் இல்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1974இல் உருவான நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் பெங்களூரில் இருக்கும் சாலையின் பெயரே ஓசூர் சாலை. அந்நிறுவனம் அளவுமீறிய கைப்பேசிப் பயன்பாட்டுக்கென 2014இல் ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவையும் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி அழைப்பு கட்டணமற்றது, தமிழிலும் பேசலாம். எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குப் படுக்கை, குறட்டை உண்டா, எத்தனை டீ என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். உறங்குவதற்காகக் காணொளி கேட்கும் வழக்கம் இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லலாம். 2007இல் அந்த 21 வயதுக்காரர் புனைபெயருக்குப் பின்னால் நின்று கேட்க வேண்டியிருந்தது. இன்று அப்படிக் கேட்க வேண்டியதில்லை.